காலி அண்டாவின் கனம்

எங்கள் ஊத்துமேட்டில் காலிக் குடங்கள் கனக்கத் தொடங்கியது ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில். எல்லார் வீட்டுக்கும் முன்பாகப் பேச்சித்தாயின் குடம்தான் கனத்தது, கனக்கட்டும், அவளுக்கு வேண்டியதுதான் என்று நான் சொன்னேன், ஏனென்றால் ஊருக்கு வந்துகொண்டிருந்த தண்ணீர் லாரி நின்றுபோனது அவள் வாயால்தான் என்பது என் கட்சி.

ஊரின் பெயரில்தான் ஊற்று இருக்கிறது. மற்றபடி கரிசல் மண் கை நுழையும் அளவுக்கு வாய் பிளந்து கிடக்கும், கிணறு தோண்டினால் உப்பு, இன்னும் தோண்டினால் பாறை, அதற்கும் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க ஊர்த்தலைவரைத் தவிர எவனுக்கும் தெம்பு இருந்ததில்லை. லாரி வந்தால் குடி, வராவிட்டால் வெள்ளாங்காட்டுத் தோட்டத்துக் கிணறு, அந்தக் கிணற்றுக்கு நடக்கிற நடையில் புதுச் செருப்பு ஒரு கோடையைத் தாண்டாது.

அதற்கு முந்தைய தை மாதத்தில் பட்டணத்திலிருந்து பிரமிளா என்ற பெண் வந்திருந்தாள். ஜனங்கள் எப்படி வாழ்கிறார்கள், இந்த நாட்டுக் குடிமக்களென்று அவர்களுக்குச் சேரவேண்டியது சேர்கிறதா என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு ஆராய்வது அவள் வேலை, அவள் கேட்டுச் சொல்வதை வைத்துத்தான் மேலே இருப்பவர்கள் திட்டம் போடுவார்களாம். நல்ல பெண். கெட்டவளாக இருந்திருந்தால் அவள்மேல் கோபம் வைத்திருப்பது எனக்கு இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

அவள் முதலில் ஏறியது பேச்சித்தாய் வீட்டு வாசல்படி. பேச்சித்தாய் எனக்கு மதினி முறை, பெரியப்பா மகனுடைய விதவை, அடுத்த வீடு, ஆனால் என் மகன் கல்யாணத்தில் பந்தியில் உட்காராமல் போனவள் என்பதால் அவளோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது, ஆகவே நான் என் வீட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டுதான் கேட்டேன்.

"வீட்டுல குடிதண்ணி எப்படிம்மா?"

"நெறஞ்சு போச்சு தாயி."

"அரிசி, பருப்பெல்லாம்?"

"அதுவும் நெறஞ்சு போச்சு. நீ உக்காரு, வெயில்ல வந்திருக்க, கருப்பட்டிக் காப்பி போடுதேன்" என்று சொல்லிவிட்டு மதினி கொல்லை வழியாக ஓடி, மூன்றாவது வீட்டில் ஒரு செம்பு தண்ணீர் கைமாற்று வாங்கிவந்து காப்பி போட்டாள்.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் 'இல்லை' என்ற சொல்லைச் சொல்லக் கூடாது. சொன்னால் அது அங்கேயே தங்கிவிடும். உப்புத் தீர்ந்தால் உப்பு நிறைந்துபோயிற்று என்போம், விளக்கை அணைக்கச் சொல்லமாட்டோம், குளிரவைக்கச் சொல்வோம், வெள்ளிக்கிழமை வாசலில் வந்து கையேந்துகிறவனிடம்கூட அந்தச் சொல் வராது, பிறகு வாப்பா என்றுதான் வரும். பிரமிளா வந்ததும் ஒரு வெள்ளிக்கிழமை. பெரிய படிப்புப் படித்திருந்தாள், ஆனால் அவள் வளர்ந்த வீடுகளில் உப்பு எப்போதும் கடையில் இருந்தது, ஆகவே அது நிறைந்துபோனதாக ஒருவரும் சொல்லி அவள் கேட்டதில்லை. வாசல் வாசலாக அவள் ஏறினாள், வாசல் வாசலாக எல்லாம் நிறைந்துபோயிருந்தது, அவளும் சொன்னதைச் சொன்னபடி பதிந்துகொண்டாள். கடைசியில் ஊர்த்தலைவர் குருவலிங்கத்திடம் வேறு குறை ஏதும் உண்டா என்று கேட்டாள். வீட்டில் சொந்தமாக ஆழ்குழாய் வைத்திருக்கிற அந்த மனிதர் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "ஒரு குறையும் இல்லம்மா" என்றார். அன்று ஊத்துமேட்டில் சொல்லப்பட்ட ஒரே 'இல்லை' அதுதான்.

சித்திரையில் லாரி நின்றது. ஊர் முக்கில் வண்டியை நிறுத்தாமல் போன டிரைவர் ஜெபராஜை நான் ஓடிப்போய் மறித்தேன்.

"அண்ணாச்சி, என்னைய வையாதீங்க. உங்க ஊரு நெறஞ்ச ஊருன்னு மேலருந்து உத்தரவு. இனிமே வெள்ளாங்காட்டுக்குத்தான் லாரி."

"தோட்டத்துக் கிணறு இருக்கிற ஊருக்கு எதுக்குலே லாரி?"

"அவங்க இல்லன்னு சொல்லத் தெரிஞ்சவங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

அப்படியிருக்க ஆடி பிறந்தது, வெள்ளிக்கிழமை விடிந்தது, வெள்ளாங்காட்டுக்குப் புறப்பட்ட பேச்சித்தாய் குடத்தை இடுப்பில் வைக்கக் குனிந்தாள், குடம் வரவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தாள், காலி. கவிழ்த்துப் பார்க்கலாமென்றால் சாயவுமில்லை. "சனியன், இன்னைக்குக் கனக்கு" என்று சொல்லிவிட்டு, ஒரு கம்பை எடுத்துக் குடத்தின் கழுத்தில் கயிறு போட்டு, எதிர்வீட்டுக்காரியை மறுமுனைக்குக் கூப்பிட்டாள். மதியத்துக்குள் தெருவில் எல்லாக் குடமும் அப்படித்தான். எது எவ்வளவு காலியோ அது அவ்வளவு கனத்தது. அரிசிப் பானை கனத்தது, எண்ணெய்த் தூக்கு கனத்தது, சீனி டப்பாவைத் தட்டிலிருந்து இறக்கமுடியாமல் தட்டோடு விட்டுவிட்டார்கள்.

யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலியாக இருந்தால் கனக்காமல் என்ன செய்யும் என்று டீக்கடையில் பேசி முடித்தார்கள். பெண்கள் கம்பில் மாட்டி இரண்டு இரண்டு பேராகக் காலிக் குடத்தைச் சுமந்துபோய், கிணற்றடியில் நிரப்பிய பிறகு அது தண்ணீரின் கனத்துக்கு இறங்கிவிடுவதால், திரும்பும்போது ஆளுக்கொன்றாக இடுப்பில் வைத்துக்கொண்டு பாட்டுப் பாடி வந்தார்கள், போகும்போது கேட்காத பாட்டு வரும்போது கேட்டது. ஆடு வளர்க்கிறவர்கள் முளை அடிப்பதை விட்டுவிட்டுக் காலிக் குடத்தில் ஆட்டைக் கட்டினார்கள். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், அந்த வருஷம் காற்று வெள்ளாங்காட்டுத் தகரங்களைப் பிய்த்துக்கொண்டு எங்கள் வானத்தின் மேலாகப் பறந்தது, எங்கள் கூரைகளின் மேல் நாலு பேராகச் சேர்ந்து ஏற்றிவைத்த காலித் தூக்குகளும் டப்பாக்களும் உட்கார்ந்திருந்தபடியால் ஒரு ஓலைகூட அசையவில்லை. இல்லாத வீடுகள்தான் அசையாமல் நின்றன. குருவலிங்கத்தின் வீட்டில் மட்டும் பாத்திரங்கள் எப்போதும்போல லேசாக இருந்தன, அதை ஊர் பார்த்துவிடக் கூடாதென்று அவர் குடத்துக்குள் கல்லைப் போட்டு, நாலு பேர் பார்க்கும்படி முக்கி முனகித் தூக்கிக்கொண்டு நடந்தார்.

"என்னவே தலைவரே, ரொம்பக் கனமோ?" என்று நான் கேட்டேன்.

"ஆமாவே, உயிர் போவுது" என்றார் அவர், உள்ளே கல் கடகடவென்று உருண்டது.

என் மருமகள் ஆவுடைச்செல்வி தாமிரபரணிக் கரையில் பிறந்தவள். ஆற்றங்கரைக்காரர்களுக்கு எதைக் கண்டும் பயமில்லை, இல்லையென்றால் இல்லை என்பார்கள், போனது மறுநாள் ஆற்றோடு வந்துவிடும் என்று அவர்களுக்கு நினைப்பு. அவள் அப்போது பிள்ளை உண்டாகியிருந்தாள். வாந்தியெடுத்து வாய் கொப்பளிக்க வந்தவள் குடத்தில் சொட்டில்லாததைப் பார்த்து, அதை நகர்த்தப்போய் முடியாமல், வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, நடுவீட்டில் நின்று, "அத்தை, இந்த வீட்டுல ஒரு வாய்த் தண்ணி இல்ல!" என்று கத்தினாள்.

என் மனைவி இசக்கியம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். ஆனால் குடம் ஆவுடையின் கையோடு மேலே வந்துவிட்டது, ஈர்க்குக் கூடைபோல, அவள் இழுத்த வேகத்துக்குத் தலைக்கு மேலேயே போய்விட்டது. மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இசக்கியம்மா காதிலிருந்து கையை எடுத்து, குரலைத் தாழ்த்தி, புதுப்பெண் புருஷன் பெயரைச் சொல்வதுபோலத் தலையைக் குனிந்துகொண்டு, அரிசிப் பானையைப் பார்த்து, "அரிசியும் இல்ல" என்றாள். பானை அசையவில்லை. மருமகளின் முகத்தைப் பார்த்து இன்னொரு தடவை சொன்னாள். பானை லேசானது.

இப்படித்தான் ஊருக்கு அது தெரிந்தது. பாத்திரத்திடம் சொன்னால் போதாது, சுவரிடம் சொன்னால் போதாது, சாமியிடம் சொன்னாலும் நடக்கவில்லை, இன்னொரு மனுஷனின் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டும், அந்த மனுஷன் கேட்டுக்கொள்ளவும் வேண்டும். முதலில் கூசினார்கள். பூச்சி காதில் புகுந்ததுபோல அந்தச் சொல்லைத் தலையைச் சாய்த்துச் சாய்த்து வெளியே தட்டினார்கள். பிறகு அக்கம்பக்கம் போய்ச் சொன்னார்கள், சொன்னவளுக்குக் கேட்டவள் ஒரு படி கொடுத்தாள், கேட்டவளிடமும் இல்லாவிட்டால் அவளும் திருப்பிச் சொன்னாள், இரண்டு பானையும் லேசாகி இரண்டு பேரும் சிரித்தார்கள். தலைமுறை தலைமுறையாக ஒரே தெருவில் இருந்தவர்களுக்கு, யார் வீட்டில் என்ன இல்லை என்பது அந்த ஆவணியில்தான் தெரிந்தது.

ஒருநாள் பேச்சித்தாய் என் வாசலில் வந்து நின்றாள். அவள் நிற்பாள் என்று நான் நினைத்ததில்லை.

"கொழுந்தனாரே, எங்க வீட்டுல அரிசி இல்ல."

நான் பேசாமலே உள்ளே பார்த்துக் கை காட்டினேன், இசக்கியம்மா அரிசி கொண்டுவந்தாள். வாங்கிக்கொண்டும் மதினி போகவில்லை.

"இன்னொண்ணும் கனக்கு. அன்னைக்கு உங்க மகன் கல்யாணத்துல நான் பந்தியில உக்காரலைன்னு உங்களுக்குக் கோவம். அன்னைக்கு எனக்கு உடுத்த ஒரு நல்ல சேலை இல்ல. இருந்தது முதுகுல கிழிசல். சுவரோட சாய்ஞ்சு நிக்கலாம், பந்தியில குனிஞ்சு சாப்பிட முடியுமா?"

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா என்ன மதினி?"

"கல்யாண வீட்டுல வந்து அந்தச் சொல்லைச் சொல்லவா?"

கல்யாண நாள்முதல் நான் சோறு போட்டு வளர்த்த கோபம் அது. போனபிறகு அது இருந்த இடம் பல் விழுந்த ஈறுபோல இருந்தது, கொஞ்ச நாள் நாக்கு அங்கேயே போய்க்கொண்டிருந்தது.

ஆனால் லேசான பாத்திரம் மறுநாள் விடிந்தால் மறுபடி கனத்தது, ஏனென்றால் பக்கத்து வீட்டுக்காரி ஒரு படி அரிசி கொடுக்கலாம், ஊருக்குத் தண்ணீர் கொடுக்க அவளால் ஆகாது. ஊர்ப்பொதுவில் ஒரு பித்தளை அண்டா உண்டு, கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் அதில்தான் தண்ணீர் நிரப்புவோம், லாரி நின்ற நாள்முதல் அது என் வீட்டு முற்றத்தில் காலியாகக் கிடந்தது. அதன் முன்னால் நின்று யார் யாரிடம் சொன்னாலும் அது நகரவில்லை. மண்ணுக்குள் ஒரு விரற்கடை இறங்கியும்விட்டது.

ஐப்பசியில் ஆவுடைக்கு வளைகாப்பு. மழை எங்களைக் கண்டும் காணாததுபோலக் கடலுக்குப் போயிற்று. பிறந்த வீட்டுக்காரர்கள் கார் கொண்டுவந்திருந்தார்கள். இரண்டு கையிலும் வளையல் குலுங்க அவள் முற்றத்துக்கு வந்து, என் முன்னால் நின்று, அண்டாவின் விளிம்பைப் பிடித்தாள்.

"மாமா, நான் மனசுல வச்சுக்கிட்டுப் போக விரும்பல. பிள்ளைக்கு ஒரு நாளைக்கு எத்தனை துணி அலசணும், அதைக் குளிப்பாட்டணும். இந்த ஊருக்குத் தண்ணி இல்ல. ஒரு கையில பிள்ளையை வச்சுக்கிட்டு மறு கையால நான் இந்த அண்டாவைத் தூக்க முடியிற அன்னைக்கு வாரேன். இல்லன்னா பிள்ளை எங்க ஊருலயே வளரட்டும். நீங்க வந்து பாத்துக்கங்க."

"விருந்தாளி மாதிரியாம்மா?"

"தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்ல மாமா" என்று சொல்லி அவள் காரில் ஏறினாள். அவள் சொன்னதில் தப்பில்லை. அதனாலேயே எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்லை.

கார்த்திகையில் பிரமிளா மறுபடி வந்தாள். லாரி நின்றுபோனது எப்படியோ காதுக்கு எட்டி, யாரும் அனுப்பாமல், தனியாக, பஸ் இறங்கி வெயிலில் நடந்து வந்திருந்தாள். நான் உட்காரச் சொல்லவில்லை. அண்டாவைக் காட்டினேன்.

"தூக்கு."

குனிந்து பார்த்தாள். "காலியாத்தானே இருக்கு?"

"தூக்கு தாயி."

முக்கினாள், தம் பிடித்தாள், முகம் சிவந்தது, செருப்பு வழுக்கியது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேச்சித்தாய் எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "அது வராது தாயி. அது நெறஞ்சு போச்சு."

பிரமிளா காலி அண்டாவைப் பார்த்தாள், மதினியைப் பார்த்தாள், மறுபடி அண்டாவைப் பார்த்தாள். தை மாதம் குடித்த காப்பி அவள் தொண்டைக்குத் திரும்பி வந்திருக்கவேண்டும், மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னைக்கு எல்லாரும் இதையா சொன்னீங்க?"

"வேற எதைச் சொல்லுவோம்? வீட்டுக்கு வந்த பிள்ளைகிட்ட."

அன்றைக்கு அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வீட்டுக்கு வீடு போய் உட்கார்ந்தாள், அவ்வளவுதான், அவர்களாகச் சொன்னார்கள், அவள் போன வீட்டிலெல்லாம் பாத்திரங்கள் எழுந்தன. சாயங்காலம் என் வாசலுக்கு வந்தபோது இசக்கியம்மா அவளிடம் உனக்கு எந்த ஊர் தாயி என்று கேட்டாள். அப்பாவுக்கு மாற்றல் உத்தியோகம், எங்கேயும் நிலையாக இருந்ததில்லை, எல்லாரிடமும் சென்னை என்று சொல்லிவைப்பேன், உண்மையில் எனக்கு ஊர் இல்லைங்க என்றாள். சொல்லிவிட்டுத் தோள்பையை மாட்டியவள், அது இறகாக இருப்பதைப் பார்த்து, உள்ளே இருந்தது எல்லாம் இருக்கிறதா என்று திறந்து பார்த்தாள். எல்லாம் இருந்தது.

"இந்த அண்டா மட்டும் ஏன் லேசாகல?" என்று கேட்டேன்.

"நான் கேட்டுச் சொல்றவதானேங்க. இது ஊரோட அண்டா. யார் பொறுப்போ அவங்க வாயால சொல்லணும்னு நெனைக்கிறேன். நானும் வர்றேன். நான் தப்பா எழுதினதை நானே சொல்லணும்."

திங்கட்கிழமை டவுன் ஆபீஸில் ஜனங்களின் குறை கேட்கிற நாள். தேருக்குச் சறுக்குக்கட்டை போடுவதுபோலக் கட்டை கொடுத்து, ஊரே தோள் கொடுத்து, அண்டாவை டிராக்டரில் ஏற்றினோம், என் மகன் ஓட்டினான், வழிநெடுக டயர் தாரில் புதைந்து தடம் போட்டது. வாசலில் இறக்கி உருட்டிக்கொண்டே கூடத்துக்குள் போனோம். குருவலிங்கமும் வந்தார், கல்லில்லாத வெறுங்கையோடு. உருட்டுவதில் உண்மையாகவே தோள் கொடுத்தார், அதை நான் மறைக்கமாட்டேன்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "ஊத்துமேடா? உங்க ஊர் நீர் நிறைவுன்னு இருக்கே."

"அந்த அறிக்கை தப்பு சார்" என்றாள் பிரமிளா, கூடத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி. "நான்தான் எழுதினேன். அவங்க வீட்டுல 'நிறைஞ்சு போச்சு'ன்னா தீர்ந்துபோச்சுன்னு அர்த்தம். எனக்குத் தெரியல."

"சரி, ஆவன செய்யப்படும்" என்றார் அவர். அண்டாவுக்குக் கீழே தரைக்கல் சடக்கென்று விரிசல் விட்டது.

"அதாவது, உரிய பரிசீலனையில் இருக்கு..." இன்னொரு கல் விரிசல் விட்டது.

"அய்யா, கொஞ்சம் நிறுத்துங்க" என்றார் பக்கத்தில் நின்ற குமாஸ்தா. "கீழே சாக்கடைக் குழாய் போகுது."

அதுவரை அவர்மேல் எரிந்துகொண்டிருந்த எனக்கு அப்போதுதான் ஒன்று விளங்கியது. அந்தக் கட்டடமும் ஒரு வீடுதான், அங்கேயும் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது என்று யாரோ சொல்லி வளர்த்திருக்கிறார்கள், அவர்களுக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை எல்லாமே வெள்ளிக்கிழமை. பேச்சித்தாய்க்கு என்னைவிட முன்னாலேயே விளங்கியிருந்தது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேஜைக்குப் பக்கத்தில் போனாள்.

"அய்யா, உங்க வீட்டுலயும் எங்க வீடு மாதிரி அந்தச் சொல்லு ஆகாது போல. எங்களுக்கும் அப்படித்தான் இருந்துச்சு. மொதல்ல நாக்கு கூசும். சொல்லிப்பிட்டா ஒண்ணும் ஆகாது. எங்க மொகத்தைப் பாத்துச் சொல்லுங்க, நாங்க கேட்டுக்கிடுதோம்."

அதிகாரி எழுந்து, மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து, அண்டாவின் விளிம்பில் ஒரு கையை வைத்தார். எதிர் விளிம்பில் மதினியின் கை இருந்தது. குமாஸ்தா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார், என் மனைவியைப் போலவே.

"ஊத்துமேட்டுக்குத் தண்ணி" என்று அவர் தொடங்கி, மதினியின் முகத்தைப் பார்த்து, "இல்ல" என்றார். "நாங்க தரல."

அண்டா பேச்சித்தாயின் கையோடு எழுந்தது. கூடத்தில் வேறு வேறு ஊரிலிருந்து வந்து காத்திருந்தவர்கள் ஆளாளுக்கு எழுந்து தங்கள் பைகளைத் தடவிப் பார்த்துக்கொண்டு மேஜைப் பக்கம் நகர்ந்தார்கள். திரும்பும்போது நாங்கள் அண்டாவை டிராக்டரில் ஏற்றவில்லை, பெண்கள் ஒருத்தி தலையிலிருந்து இன்னொருத்தி தலைக்கு மாற்றி மாற்றிச் சும்மாடுகூட இல்லாமல் ஊர்வரைக்கும் கொண்டுவந்தார்கள், பாடிக்கொண்டே வந்தார்கள்.

அந்த வாரமே லாரி வந்தது. தை மாதம் குழாய்க்குப் பள்ளம் தோண்டினார்கள், இரண்டு இடத்தில் பாறை, ஒரு இடத்தில் குருவலிங்கத்தின் வேலி, இரண்டையும் உடைத்தார்கள். பிரமிளா எங்களோடு இருந்துகொண்டே எங்கள் ஊரின் சொற்களையெல்லாம் கேட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டாள், அடுத்தாற்போல வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டுமாம். அவளை நான் மன்னித்துவிட்டேன் என்று இசக்கியம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் ஒன்றும் அப்படிச் சொல்லவில்லை. வந்தால் உட்காரச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

பங்குனியில் தெருமுனையில் குழாய் திறந்தது. அன்று மாலையே ஆவுடை பெண்குழந்தையோடு காரில் வந்து இறங்கினாள். யாரிடமும் பேசாமல் நேராக முற்றத்துக்கு வந்தாள், குழந்தையை இடது தோளில் சாய்த்துக்கொண்டாள், தாம்பாளம் போட்டு மூடியிருந்த அண்டாவின் வளையத்தை வலது கையால் பிடித்து இழுத்தாள். அண்டா அசையவில்லை. இன்னொரு முறை இழுத்தாள். அசையவில்லை.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். விளக்கிச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், ஆயுசு முழுக்கச் சொல்லிப் பழகிய வாய், வந்தது அதுதான்: "நெறஞ்சு போச்சு தாயி."

அவள் முகம் விழுந்தது. குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு காரைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஏ தாயி, அந்த நெறஞ்சு இல்ல!" என்று நான் கத்தினேன். "இது வேற நெறஞ்சு!"

ஓடிப்போய்த் தாம்பாளத்தை எடுத்துவிட்டு, அவள் கையைப் பிடித்து உள்ளே விட்டேன். வளையல் நனைந்தது. முழங்கை வரைக்கும் போயும் அடி தட்டவில்லை. விளிம்பு தாண்டித் தண்ணீர் என் காலில் வழிந்தது.

"நெசமாவே நெறஞ்சிருக்கா மாமா?"

"நெசமாத்தான். காலையில இருந்து ஊரே வந்து ஊத்துது, நான் வேண்டாம்னாலும் கேக்கல."

அவள் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குழந்தையின் தலையில் விட்டாள். அது மூச்சை உள்ளே இழுத்து, ஒரு கணம் யோசித்து, தெரு முழுக்கக் கேட்கும்படி வீறிட்டது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேச்சித்தாய், "யாரு வீட்டுப் பிள்ளைவே இப்படி அழுவுது?" என்று கேட்டாள்.

"எங்க வீட்டுப் பிள்ளைதான் மதினி" என்று நான் சொன்னேன். "வந்து பாரும்."